செவ்விய மொழியும் அரசியல் புரட்சியும்: பிரெஞ்சுப் புரட்சியில் ஒரு மொழிக் கொள்கையின் பயணம்

0. முன்னுரை

தத்துவமும் அறிவியலும் அரசியல் புரட்சிகளுக்கு வித்திட்டன என்னும் கூற்று வரலாற்று நூல்களில் பரவலாகக் காணப்படுவது. நியூட்டனின் இயற்பியல், லாக்கின் அறிவுக் கோட்பாடு, வால்டேரின் சமய விமரிசனம், ரூசோவின் அரசியற் சிந்தனை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்து 1789இல் பாரிசில் செயல்வடிவம் பெற்றன என்பது இக்கூற்றின் சுருக்கம். பிரெஞ்சுப் புரட்சியின் அறிவுசார் தோற்றுவாய்களைத் தனியேல் மொர்னே 1933இல் விரிவாக ஆராய்ந்தார். 1990இல் ரொஷே ஷார்த்தியே இவ்வினாவைத் தலைகீழாக்கினார். அறிவொளிக் காலம் புரட்சியை உண்டாக்கியதா, அன்றிப் புரட்சி தனக்கு மூதாதையரைத் தேடிக்கொண்டு அறிவொளிக் காலத்தை உண்டாக்கிற்றா என்பது அவர் எழுப்பிய ஐயம்.

இவ்வினா வரலாற்றாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. கருத்துகள் சொற்களில் ஏறியே பயணம் செய்கின்றன. ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குச் செல்லும்போது அவை பெறும் மாற்றத்தைச் சொற்களில் காணலாம். இந்நோக்கில், 'செவ்விய மொழியே செவ்விய சிந்தனை' என்னும் ஒரு கொள்கை மட்டும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் தத்துவத்தில் பிறந்து, வேதியியலில் வெற்றி கண்டு, அரசின் கையில் ஆணையாக மாறிய இக்கொள்கையின் வரலாறு, கலைச்சொல் ஆக்குவோர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் நேரடித் தொடர்புடையதாகும்.

1. 'புரட்சி' என்னும் சொல்

கொள்கையை ஆராயுமுன் புரட்சியைக் குறிக்கும் சொல்லையே முதற்கண் நோக்குதல் தகும். ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் 'ரெவொலூஷன்' என்னும் சொல் வானியல் வழக்கில் நிலைபெற்றது. 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கசின் நூல் தன் தலைப்பிலேயே இச்சொல்லைக் கொண்டுள்ளது. அங்கு அது வானகக் கோளங்களின் சுழற்சியைக் குறிக்கும். புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருதல் அதன் உட்பொருள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இச்சொல் அரசியலுக்கு வந்தபோதும் இப்பொருள் மாறவில்லை. 1660இல் முடியாட்சி மீண்டதைக் குறிக்க இச்சொல் ஆளப்பட்டதை ஹன்னா அரெண்ட் 1963இல் எடுத்துக்காட்டினார். 1688ஆம் ஆண்டு மாற்றத்தை ஆதரித்தோரும் பழைய உரிமைகளை மீட்டதாகவே அதனைக் கருதினர்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொருள் திரும்பியது. இதற்கு லவாய்சியரின் எழுத்துகள் நல்ல சான்று. தம் ஆய்வுகள் இயற்பியலிலும் வேதியியலிலும் ஒரு புரட்சியைக் கொணரக்கூடும் என்று அவர் 1773 எனத் தேதியிட்ட ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதினார். 1790 பிப்ரவரி 2ஆம் நாள் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு எழுதிய கடிதத்தில் வேதியியலில் நிகழ்ந்த புரட்சியை முதலில் விவரித்தார். அடுத்து நாட்டின் அரசியல் புரட்சிக்கு வந்து, அது நிறைவேறிவிட்டது என்றும் இனித் திரும்புதல் இல்லை என்றும் குறிப்பிட்டார். திரும்பி வருதலைக் குறித்த சொல் திரும்பாமையைக் குறிக்கலாயிற்று. ஒரே சொல் ஒரே கடிதத்தில் அறிவியலுக்கும் அரசியலுக்கும் பொதுவாக நிற்பது நோக்கத்தக்கது.

தமிழில் இவ்வரலாறு புலப்படுவதில்லை. வானியற் பொருளுக்குச் 'சுற்று', 'சுழற்சி' என்பனவும் அரசியற் பொருளுக்குப் 'புரட்சி' என்பதும் வழங்குகின்றன. திரள் – திரட்சி, வறள் – வறட்சி, மருள் – மருட்சி என்பவற்றைப் போலப் புரள் – புரட்சி என அமைந்த இச்சொல், மேல் கீழாதலைக் குறிப்பது. சுழல்வது தொடங்கிய இடத்திற்கு வரும்; புரள்வதற்கு அக்கட்டாயம் இல்லை. ஆதலின் 1789க்குப் பிந்திய பொருளுக்குத் தமிழ்ச்சொல் மூலச் சொல்லைக் காட்டிலும் பொருத்தமானது. ஆயினும் 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நூலொன்றைப் பெயர்க்கும்போது அதே சொல்லைப் பயன்படுத்தினால், மீட்பைக் கருதியவர்களைக் கவிழ்ப்பைக் கருதியவர்களாக ஆக்கும் பிழை நேரும்.

2. தத்துவத்திலிருந்து வேதியியலுக்கு

கோந்தியாக் 1746இல் மனித அறிவின் தோற்றம் பற்றிய நூலையும் 1780இல் அளவையியல் நூலையும் வெளியிட்டார். குறிகளின்றிச் சிந்தனை வளராது; மொழி என்பது பகுத்தாய்வு முறை; அறிவியல் ஒன்றைக் கற்றல் செவ்வனே அமைந்த ஒரு மொழியைக் கற்றலே என்பன அவர்தம் முடிபுகள். லாக்கின் அறிவுக் கோட்பாட்டை அடியொற்றியவர் எனினும், சிந்தனையின் தோற்றத்திலேயே குறிகளுக்கு அவர் அளித்த இடம் லாக் அளித்ததினும் பெரிது.

இக்கொள்கையை முதன்முதலில் பெரிய அளவில் செயற்படுத்தியது வேதியியலாகும். 1787 ஏப்ரலில் லவாய்சியர் அறிவியல் கழகத்தின் முன் பெயரிடுமுறைச் சீர்திருத்தத்தின் தேவையை விளக்கினார். கித்தோன் த மொர்வோ, பெர்த்தொலே, ஃபூர்குருவா ஆகியோருடன் இணைந்து அவ்வாண்டே புதிய பெயரிடுமுறையை வெளியிட்டார். இரு ஆண்டுகளுக்குப்பின் வந்த தம் வேதியியல் பாடநூலின் முன்னுரையைக் கோந்தியாக்கின் கருத்துடனேயே தொடங்கினார். பெயரிடுதலை மட்டும் திருத்த முற்பட்டபோது தம் பணி வேதியியல் நூலாகவே விரிந்துவிட்டது என்பது அவர் தரும் விளக்கம். சொல்லைத் திருத்துதலும் துறையைத் திருத்துதலும் வேறல்ல என்பது கருத்து.

அதுவரை வழங்கிய பெயர்கள் தோற்றத்தையோ பழங்கதையையோ அடியாகக் கொண்டவை. 'வித்ரியோல் எண்ணெய்' எண்ணெய் அன்று; 'ஆன்டிமனி வெண்ணெய்' வெண்ணெய் அன்று; 'துத்தநாகப் பூ' பூவும் அன்று. புதிய முறையில் அடிச்சொல் பொருளின் கூற்றையும் ஈறு அதன் நிலையையும் உணர்த்தின. சல்ஃபியூரிக், சல்ஃபியூரஸ், சல்ஃபேட், சல்ஃபைட் என ஈறு மாறப் பொருளின் நிலை மாறுவது தெளிவாகும். மொழியியல் நோக்கில் இஃது ஆக்க ஒட்டுகளைக் கொண்டு ஒரு வகைப்பாட்டையே கட்டியெழுப்பும் முறையாகும். அடிச்சொல்லை மட்டும் பெயர்த்து ஈற்றைக் கைவிடும் மொழிபெயர்ப்பு இவ்வகைப்பாட்டையே கைவிடுகிறது என்பதும் இதனால் விளங்கும்.

எனினும் செவ்விய மொழி பிழைக்கு அப்பாற்பட்டதன்று. 'ஆக்சிஜன்' என்பதற்கு அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள். அமிலங்கள் அனைத்திலும் அது உண்டு என லவாய்சியர் கருதினார். அக்காலத்தில் மூரியாட்டிக் அமிலம் எனப்பட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அஃது இல்லை. 1810இல் ஹம்ஃப்ரி டேவி குளோரின் ஒரு தனிமம் என்று நிறுவிய பின்னர் இக்கருத்து வலுவிழந்தது. பெயரோ நின்றுவிட்டது. ஜெர்மன் மொழியும் ரஷ்ய மொழியும் சொல்லின் பொருளைப் பெயர்த்தமையால் பிழையையும் உடன் பெயர்த்துக்கொண்டன. தமிழில் வழங்கிய 'பிராணவாயு' மூச்சின் அடிப்படையில் அமைந்ததாதலின் இப்பிழைக்கு உட்படவில்லை. பிரெஞ்சுச் சீர்திருத்தக்காரர் விலக்கிய 'உயிர்க்காற்று' என்னும் பழைய பெயரோடு அது ஒத்திருப்பது கருதத்தக்கது. பெயர் விளக்கம் தரத்தர, அவ்விளக்கம் பொய்க்கும்போது நேரும் இழப்பும் மிகும்.

3. நேர்க்கோட்டு விளக்கத்தின் இடர்ப்பாடு

அறிவியற் புரட்சியும் அரசியற் புரட்சியும் ஒரே ஊற்றின் இரு கால்கள் எனின், இரண்டிலும் ஒருவரே முன்னிற்க வேண்டும். சான்றுகள் அவ்வாறு இல்லை. ஜோசப் பிரீஸ்ட்லி பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தமையால் 1791 ஜூலையில் பர்மிங்காம் கலவரத்தில் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் இழந்தார். 1792இல் பிரெஞ்சுக் குடியுரிமை அளித்துப் பாராட்டப்பெற்றார். ஆயினும் புதிய வேதியியலை அவர் 1804இல் இறக்கும்வரை ஏற்கவில்லை. மாறாக, வேதியியலைப் புரட்டிப்போட்ட லவாய்சியர் முடியாட்சிக் கால வரிக் குத்தகைக்காரருள் ஒருவராக இருந்த காரணத்தால் 1794 மே 8ஆம் நாள் கொல்லப்பட்டார். அரசியலில் புதுமையை வரவேற்றவர் அறிவியலில் பழமையைப் பேணினார். அறிவியலில் புதுமை செய்தவரைப் புதிய அரசு கொன்றது.

ரூசோவின் நிலையும் இத்தகையதே. அறிவியல்களும் கலைகளும் ஒழுக்கத்தைக் கெடுத்தன என 1750இல் வாதிட்டவர் அவர். அவருடைய உடலே 1794 அக்டோபரில் பாந்தியோனுக்குக் கொண்டுவரப்பட்டது. அறிவியல் கழகமோ 1793 ஆகஸ்டில் பிற கழகங்களுடன் கலைக்கப்பட்டது. எனவே அறிவியல் தன் முடிபுகளால் புரட்சியை உந்திற்று என்பதைவிட, புரட்சி தனக்கு வேண்டிய முறைகளை அறிவியலிலிருந்து எடுத்துக்கொண்டது என்பதே பொருந்தும். அவ்வாறு எடுத்துக்கொண்டவற்றுள் தலையாயது பெயரிடும் முறை.

4. நாட்காட்டியும் அளவைகளும்

1793இல் குடியரசு புதிய நாட்காட்டியை ஏற்றது. ஒவ்வொரு மாதத்திற்கும் முப்பது நாள். வாரத்திற்கு மாற்றாகப் பத்துநாள் பகுதி. மாதப் பெயர்களை ஃபாப்ர் தெக்லாந்தீன் வகுத்தார். இலையுதிர்கால மாதங்கள் 'ஏர்' என்றும், குளிர்கால மாதங்கள் 'ஓஸ்' என்றும், இளவேனில் மாதங்கள் 'அல்' என்றும், வேனில் மாதங்கள் 'இதோர்' என்றும் ஈறு பெற்றன. அடிச்சொல் மாதத்தின் தன்மையையும் ஈறு பருவத்தையும் உணர்த்தின. ஆறு ஆண்டுகளுக்கு முன் வேதியியலில் கண்ட அமைப்பை இது நினைவூட்டுகிறது.

ஆனால் பனி, வெப்பம் என்பன பிரான்சின் தட்பவெப்பத்திற்கு உரியவை. அன்று அந்நாட்டின் ஆட்சியிலிருந்த கரீபியத் தீவுகளுக்கோ, இந்துமாக்கடலில் நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே உள்ள தீவுகளுக்கோ அவை பொருந்தா. அனைத்துலகிற்கும் பொதுவான பகுத்தறிவு என எண்ணப்பட்டது ஒரு வட்டாரத்தின் வானிலையாகவே இருந்தது. மேலும், ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைத்த ஓய்வு பத்து நாளுக்கு ஒருமுறை ஆயிற்று. திருவிழா, சந்தை, வழிபாடு ஆகியவற்றோடு பிணைந்த நாட்பெயர்களை ஆணையால் அகற்ற இயலவில்லை. 1806 ஜனவரி 1 முதல் பழைய நாட்காட்டியே மீண்டது.

அளவைகளின் வரலாறு வேறுபட்டது. ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவைகளால் குத்தகையிலும் வணிகத்திலும் ஏமாற்றப்பட்ட மக்களே ஒரே அளவை வேண்டுமெனக் கேட்டிருந்தனர். 1791இல் நிலநடுக்கோட்டிற்கும் துருவத்திற்கும் இடையிலான தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கு நீள அலகாக ஏற்கப்பட்டது. 1795 ஏப்ரல் 7ஆம் நாள் சட்டம் மீட்டர், லிட்டர், கிராம் ஆகிய பெயர்களையும், பெருக்கத்திற்குக் கிரேக்க முன்னொட்டுகளையும் பகுப்பிற்கு லத்தீன் முன்னொட்டுகளையும் வகுத்தது. அதே சட்டம் பதின்ம மணிக்கணக்கை நிறுத்திவைத்தது.

மக்கள் கேட்ட அளவையே எனினும் பெயர்கள் அவர்தம் வாயில் படியவில்லை. 1800இல் அரசு கிலோகிராமைப் பழைய 'லீவ்ர்' என்றும் சென்டிமீட்டரை 'விரல்' என்றும் வழங்க இசைவளித்தது. 1812இல் பழைய அளவைகளைத் தழுவிய கலப்பு முறை இடம்பெற்றது. 1840 முதலே மெட்ரிக் முறை மட்டும் கட்டாயமாயிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்த பின்னரே பொருளும் பெயரும் ஒருங்கே நிலைத்தன. நிலைத்தபோதும் அமைப்பின் தெளிவு எஞ்சவில்லை. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த இவ்வளவைகளுள் 'கிலோ' என்பது தமிழ்ப் பேச்சில் எடையின் பெயராகவே நிற்கிறது. 'ஒரு கிலோ அரிசி' கேட்பவருக்கு அம்முன்னொட்டு ஆயிரம் என்னும் எண்ணைக் குறித்தது என்பது தேவையற்ற செய்தி. புழக்கத்திற்கு வந்த சொல் தன் பொருள்விளக்கத்தை உதிர்த்துவிட்டே வாழ்கிறது.

5. மக்கள் மொழிகள்

புரட்சியின் தொடக்கத்தில் மொழிபெயர்ப்பே அரசின் வழியாக இருந்தது. 1790 ஜனவரி 14ஆம் நாள் தேசிய மன்றம் தன் ஆணைகளை நாட்டின் பல்வேறு மொழிகளில் பெயர்த்து வெளியிட முடிவு செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கிரெகுவார் வட்டார மொழிகள் குறித்து 43 வினாக்களைக் கொண்ட வினாநிரலை அனுப்பினார். மொழிப் பயன்பாடு பற்றிய தொடக்ககாலக் கள ஆய்வுகளுள் ஒன்று எனலாம். ஆனால் அதன் விடைகள் எதற்குப் பயன்பட்டன என்பதே வினா.

1794 ஜனவரியில் பாரேர் அளித்த அறிக்கை பிரெத்தோன், பாஸ்க், ஜெர்மன், இத்தாலியன் ஆகியவற்றைக் குடியரசின் பகைவருக்குத் துணைபோகும் மொழிகளாகக் காட்டியது. அம்மொழிகள் வழங்கும் பகுதிகளுக்குப் பத்து நாளுக்குள் பிரெஞ்சு ஆசிரியரை அமர்த்த ஆணை பிறந்தது. அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள் கிரெகுவார் அளித்த அறிக்கை வட்டார மொழிகளை அழிப்பதைத் தன் தலைப்பிலேயே கொண்டிருந்தது. அறுபது இலட்சம் மக்கள் நாட்டு மொழியை அறியார். ஏறத்தாழ அதே தொகையினர் அதில் தொடர்ந்து உரையாட இயலாதார். அதனைத் தூய்மையாகப் பேசுவோர் முப்பது இலட்சத்திற்கு மேற்படார் என்பன அவர் தந்த மதிப்பீடுகள். ஜூலை 20ஆம் நாள் சட்டம் பொது ஆவணங்கள் அனைத்தும் பிரெஞ்சிலேயே அமைய வேண்டும் என்றது. ரொபெஸ்பியர் வீழ்ந்தபின் செப்டம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. நவம்பரில் வட்டார மொழி கற்பித்தலுக்குத் துணைக்கருவியாக மட்டும் இருக்கலாம் என விதிக்கப்பட்டது.

கிரெகுவாரின் நோக்கத்தை எளிதில் இகழ்தல் முறையன்று. யூதர்களின் உரிமைக்கும் அடிமை முறை ஒழிப்புக்கும் குரல் கொடுத்தவர் அவர். சட்டத்தின் மொழியை அறியாத உழவன் பதவிக்கு வர இயலாது. அறிந்த சிலரே மீண்டும் ஆள்வர் என்னும் அவர் அச்சம் பொருளற்றதன்று. பல மொழி வழங்கும் எந்த நாட்டிலும் இவ்வச்சம் இன்றும் உண்டு.

பிழை நோக்கத்தில் இல்லை. நோக்கத்திலிருந்து வழிமுறைக்குச் சென்ற பாதையில் உள்ளது. தம் அறிக்கையில் கிரெகுவார் கோந்தியாக்கைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறார். தவறான வாதம் இலக்கணப் பிழையாகவே வெளிப்படும் வகையில் மொழி அமைய வேண்டும் என்னும் விருப்பத்தை எடுத்துரைத்து, அது மிகையான எதிர்பார்ப்பு ஆகலாம் என்றும் சேர்க்கிறார். மொழியின் குறை அறிவின் பிழைக்கு ஊற்று என்னும் அடிப்படையை மட்டும் அவர் விடவில்லை. வேதியியலில் 'ஆன்டிமனி வெண்ணெய்' எப்படியோ, அவ்வாறே நாட்டில் வட்டார மொழி என்னும் ஒப்புமை இவ்விடத்தில் வாதத்தின் அடியில் இயங்குகிறது. தவறான பெயரை நீக்கினால் தவறான எண்ணம் நீங்கும்; தவறான மொழியை நீக்கினால் மூடநம்பிக்கை நீங்கும். முன்னதில் நீங்குவது ஒரு பெயர். பின்னதில் நீங்குவது ஒரு மக்கள் தொகுதியின் பேச்சு.

கோந்தியாக்கின் 1746ஆம் ஆண்டு நூலிலேயே இதற்கு மாறான கருத்தும் உண்டு. ஒவ்வொரு மொழிக்கும் அதனைப் பேசும் மக்களின் இயல்பையொட்டிய தனித்தன்மை உண்டு என்று அந்நூலின் ஒரு பகுதி விளக்குகிறது. அப்பகுதியை முதன்மையாகக் கொண்டிருப்பின் பிரெத்தோனும் பாஸ்க்கும் பகுத்தாய்வின் வேறு வேறு வடிவங்களாகக் கருதப்பட்டிருக்கும். 1790இன் மொழிபெயர்ப்பு வழியும் தொடர்ந்திருக்கக்கூடும். ஒரே தத்துவ அறிஞரின் இரு கருத்துகளுள் அரசுக்கு ஏற்றது எடுத்தாளப்பட்டது. ஷார்த்தியேயின் ஐயத்திற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

6. முடிவுரை

மேற்கண்ட நான்கு முயற்சிகளையும் ஒப்பிடுவோர்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும். வேதியியலில் பெயரை ஏற்றவர் பயிற்சி பெற்ற சிறு குழுவினர். பொருளைச் சோதித்து அறிந்தவர். பெயர் பொருந்தாதபோது மறுக்கும் உரிமையும் உடையவர். அளவைகளில் பொருள் மக்கள் கேட்டது, பெயர் கேளாதது. ஆதலின் பொருள் வென்றது, பெயர் காத்திருந்தது. நாட்காட்டியில் இரண்டுமே கேளாதவை. மக்கள் மொழியிலோ பேசுவோரே திருத்தப்படும் பொருளாக்கப்பட்டனர். ஒரே கொள்கை முதலிடத்தில் விடுதலையையும் கடையிடத்தில் அடக்குமுறையையும் விளைத்தது கொள்கையின் தன்மையால் மட்டும் அன்று. பெயரிடுவோர்க்கும் பெயரைக் கையாள்வோர்க்கும் இடையிலான தொலைவே விளைவை முடிவு செய்தது.

இப்படிப்பினை புரட்சியின் எதிரிகளுக்கும் எட்டவில்லை. 1797இல் லா ஹார்ப் புரட்சியின் கொடுமைகளுக்குச் சொற்களைத் திரித்தமையே காரணம் என எழுதினார். சொல்லைத் திருத்தினால் நாடு திருந்தும் என்பாரும், சொல் திரிந்தமையால் நாடு கெட்டது என்பாரும் ஒரே நம்பிக்கையின் இரு பக்கங்களில் நின்றனர்.

1796இல் தெஸ்த்யூ த திராசி எண்ணங்களைப் பற்றிய அறிவியலுக்கு 'இதெயோலொஜி' எனப் பெயரிட்டார். கோந்தியாக்கின் மரபில் வந்த அப்பெயர், விலங்கியலைப் போன்றதொரு துறையைக் குறிக்க எண்ணியது. நெப்போலியன் அதனைப் பின்பற்றியோரை இகழும் சொல்லாக்கினார். பின்னர் அது அரசியல் நம்பிக்கைகளின் தொகுதிக்குப் பெயராயிற்று. தமிழில் 'கருத்தியல்' என்னும் சொல்லில் மொழியியல், இயற்பியல் என்பவற்றில் உள்ள 'இயல்' ஈறு நின்று திராசியின் முதற்பொருளைக் காட்டுகிறது. வழக்கோ பிற்பொருளையே கொண்டுள்ளது. செவ்வனே அமைக்கப்பட்ட சொல்லும் ஆக்கியவரின் கட்டுக்குள் நில்லாது என்பதற்கு அத்துறையின் பெயரே எடுத்துக்காட்டாகிவிட்டது.

ஆகவே கலைச்சொற் குழுக்களின் பணி சொல்லை வகுப்பதோடு முடிவதன்று. எவர் கையாளப் போகும் சொல், அவர்க்கு அதனை மறுக்கவோ மாற்றவோ இடம் உண்டா, அவரிடம் முன்னரே வழங்கும் சொல் என்ன செய்தியைத் தாங்கியுள்ளது என்னும் மூன்று வினாக்களும் சொல்லமைப்பின் செம்மைக்கு முன் கேட்கப்பட வேண்டியவை. 1790இல் தொடங்கிக் கைவிடப்பட்ட மொழிபெயர்ப்புப் பணி செலவும் காலமும் மிகுந்தது. ஆயினும் குடிமக்களின் பேச்சைக் குறையாகக் கருதாமல் அவர்களிடம் சட்டத்தைக் கொண்டுசேர்க்க முயன்ற வழி அது ஒன்றே.